பாதை பிரியும் இடத்தில் நின்றவர்

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது இருபத்தேழு. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அக்கா குடும்பத்தோடு மாடி வீட்டில் வசிக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

கடந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மலை உச்சியில் எங்கள் குழுத் தலைவர் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டபோது "வந்தாச்சு" என்றேன். பாதை பிரியும் இடம் வழியாக நான் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. அன்று மாலை மருத்துவமனையில் காவலர் விசாரித்தபோதும் சொல்லவில்லை.

நாங்கள் பதினான்கு பேர் மாதம் ஒரு ஞாயிறு மலைகளில் நடக்கிறவர்கள். எங்கள் தலைவர் பேருந்து ஓட்டுநர். ஸ்டியரிங் அண்ணன் என்று கூப்பிடுவோம். எங்கள் குழுவில் தலை எண்ணும் வழக்கம் இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தலைவர் தமக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போவார். நிற்பவர் பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். விசில் வைத்திருக்கும் கடைசி ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அவர் அங்கிருந்து நகரக் கூடாது. ஆகவே கடைசி ஆள் வந்து சேர்ந்தால் எல்லோரும் வந்து சேர்ந்ததாகப் பொருள். அன்று கடைசி ஆள் நான். இரண்டு வருடத்தில் விசில் என் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. சனிக்கிழமை முழுவதும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

காலையில் வேனில் அண்ணனுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கும் எந்தப் பாதையில் ஏறுவது என்பதில் வாக்குவாதம் ஏற்பட்டது. "நீங்க பஸ்ஸைத் தவிர எதையும் நேரா ஓட்டினதில்ல" என்றார் கண்ணாடிக்காரர். "உங்க கண்ணாடிய போட்டுப் பார்த்தா மேடும் பள்ளமாத்தான் தெரியும்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்காமல் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு ஏறத் தொடங்கினோம். பத்தரை மணியளவில், பாதை பிரியும் இடத்தில், அண்ணன் அவரைத்தான் நிறுத்தினார். அது வேண்டுமென்று செய்ததல்ல, அவர்தான் அடுத்து வந்தார் என்று அப்போது அருகில் இருந்த எங்கள் குழுவின் கணக்கு டீச்சர் சொல்கிறார்.

நான் எல்லோருக்கும் வெகு பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தேன். அப்போது மேகம் விலகி உச்சி முழுவதும் தெரிந்தது. பாதை பிரியும் இடத்துக்கு முன்பே, புல்வெளி வழியாக ஆடுகள் போன தடம் ஒன்று நேராக மேலே ஏறியது. நான் அதில் ஓடினேன். செருமலும் சிரிப்புமாக மூச்சு வாங்கியது. பள்ளி நாட்களுக்குப் பிறகு நான் அப்படி ஓடியதில்லை. நான் கடைசி ஆள் என்பது அந்த இருபது நிமிடமும் என் நினைவில் இல்லை. உச்சியில் அண்ணன் கேட்டபோது, வானத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு பாறையைப் பிடித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். கோபத்தில் இருக்கும் கண்ணாடிக்காரர் எங்காவது தள்ளி உட்கார்ந்திருப்பார் என்று அண்ணன் நினைத்திருக்கிறார். ஒரு மணிக்கு மழை பிடித்தது. மறுபக்கப் பாதையில் இறங்கி, அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று மணிக்கு வேனுக்கு வந்தோம். கண்ணாடிக்காரரின் இருக்கை காலியாக இருந்தது.

"கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிப் போயிருப்பாரு" என்று ஒருவர் சொன்னார். போன் கிடைக்கவில்லை. அவர் எங்கே இருப்பார் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. காலையில் ஏறிய பாதையில் ஓடினேன். அண்ணன் "ஏம்மா, நில்லு!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார். வளைவுக்கு வளைவு விசில் ஊதினேன். கால் வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். மூன்றே முக்கால் மணியளவில், மேலிருந்து யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. அது சாப்பாட்டு டப்பாவும் கரண்டியும். நான் அழுதுகொண்டே விசில் ஊதினேன், சத்தம் மறுபடியும் பதில் கொடுத்தது.

அவர் அதே இடத்தில், பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அண்ணனைப் பார்த்து, "கடைசி ஆள் வராம நகரக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல? நகரல. இப்ப சொல்லுங்க, யாரு பிடிவாதக்காரன்?" என்றார். ஓர் அடி எடுத்து வைத்ததும் கீழே விழுந்தார். அண்ணன் அவரை முதுகில் சுமந்தார்.

"ஐயா, சும்மா வாங்க, கழுத்தை நெரிக்காதீங்க."

"நான் சொன்ன பாதையில போயிருந்தா இந்தச் சுமையே இல்ல."

வழி முழுக்க இருவரும் சண்டை போட்டார்கள். நான் முன்னால் ஓடினேன். எனக்கு அடக்க முடியாத மகிழ்ச்சியாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளவும். ஓர் இடத்தில் அண்ணன், "எப்படிம்மா கரெக்டா இங்க வந்த?" என்று கேட்டார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன்.

அதன் பிறகு அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். இரவே நுரையீரலில் சளி கட்டி, இரண்டு நாள் பிராணவாயு வைத்தார்கள். காலையில் நடந்த சண்டைக்குப் பழிவாங்கத் தம் கணவரை மழையில் விட்டுவிட்டுப் போனதாக, அவர் மனைவி ஓட்டுநர்மீது புகார் கொடுத்தார். அண்ணன் காவலரிடம், "நிக்க வெச்சது நான்தான்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. திங்கள்கிழமை அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

கண்ணாடிக்காரரைக் கூட்டி வர வேண்டியவள் நான். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னேன், மற்றவை நான் சொன்னபடியே உள்ளன.

(கையொப்பம்)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் மறுநாள் புகார்தாரருக்குப் படித்துக் காட்டப்பட்டது. அவர் புகாரைத் திரும்பப் பெறவில்லை. ஓட்டுநரின் பெயரை நீக்கி, அந்த இடத்தில் வாக்குமூலம் கொடுத்தவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை ஓட்டுநர் பணிக்குத் திரும்பினார்.