தொண்ணூறுக்குக் கீழே

மின்சாரம் இப்போதைக்கு வராது போலிருக்கிறது. தயவுசெய்து இன்னும் சற்று நெருங்கி இருங்கள். உரத்துச் சொல்லக்கூடிய கதை அல்ல இது. என் நண்பர் ஒருவரின் மைத்துனருக்கு நேர்ந்தது. அவருடைய பெயர் மயூரதன்.

உச்சிப் பகல். பன்னிரண்டு ஐம்பது. சுடலையிலிருந்து வட்டுக்கோட்டைச் சந்திக்கு வரும் வயல்வீதி. இரு பக்கமும் அறுவடை முடிந்த வெறும் நிலம்... ஒரு சைக்கிள்கூட இல்லை. மயூரதன் மோட்டார் சைக்கிளில் தனியே வந்துகொண்டிருந்தார். சட்டையில் கற்பூரமும் நெய்யும் எரிந்த மணம். முதுகுப் பை ஒரு பக்கம் சரிந்ததால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

அப்போதுதான் கேட்டது.

துப்... சிறு இடைவெளி... துப்.

கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து வந்தது. தூக்கிக் காதில் வைத்தார். துப். மிகத் தாழ்ந்த ஒலி. காதை விட நெஞ்செலும்புதான் அதை முதலில் அறிந்தது. ஒலிப்பதிவுக் கருவியில் எங்கே வயரைச் செருகியிருக்கிறோம் என்று குனிந்து பார்த்தார். வயரின் நுனி பெட்ரோல் தாங்கியின் மேல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம் இருந்தது. பிறகு நின்றது. பின்னால் சுடலைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கதையைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்காகச் செத்தவீடுகளை இப்போது நேரலையில் காட்டுகிறோம் அல்லவா? மயூரதனுக்கு அதில் ஒலிப்பதிவு வேலை. கமரா, கூட்டாளி கிறிஸ்ரியுடையது. மயூரதனின் காது யாழ்ப்பாணம் முழுவதும் பேர்பெற்றது. ஹெட்போன் வாங்குகிறவர்கள் நல்லூரிலிருந்தும் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் உச்ச ஒலியைப் பார்ப்பதில்லை. அடி ஒலியைத்தான் பார்ப்பார். பழைய தவில் பதிவு ஒன்று வைத்திருந்தார். அதில் இடப் பக்கத்துத் தொப்பியில் குச்சி விழும் ஒவ்வோர் இடமும் அவருக்கு மனப்பாடம். நல்ல ஹெட்போனில் அந்த அடி விழுந்த இடத்திலேயே முடிய வேண்டும். கூடாத ஹெட்போனில் அடிக்குப் பின்னால் இன்னோர் அடி போல ஓர் இழுவை வரும். அதை அவர் 'வால்' என்பார். வால் இருந்தால் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்; வேறு சொல் இல்லை.

"உமக்குத் தலையிலை இருக்கிறது காதோ, தராசோ?" என்று கிறிஸ்ரி கேலி செய்வதுண்டு. மயூரதனுக்கு அது உள்ளூரப் பிடிக்கும்.

அன்றைக்கு அவர் கழுத்தில் இருந்த புதிய ஹெட்போன் முதல் நாள் மாலைதான் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. ஸ்டூடியோவில் பாவிக்கும் தரமானது. காதை முழுதாக மூடும் கறுப்பு மெத்தைகள். தவில் பதிவைப் போட்டுப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கிறிஸ்ரி அழைத்துவிட்டார். சோதிக்காத ஒன்றை அவர் வேலைக்குக் கொண்டுபோனது அதுவே முதல் தடவை.

இறந்தவர் சிவக்கொழுந்து அம்மா. அறுபத்தொரு வயது. நித்திரையிலேயே போய்விட்டார் என்றார்கள். வைத்தியர் ஒருவர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, உயிர் இல்லை என்று எழுதியும் கொடுத்திருந்தார். ஒரே மகள் கஜானி லண்டனில். விசாச் சிக்கலால் அவரால் வர முடியாது. அங்கே வேலைக்குப் போகுமுன் அவர் நேரலையைப் பார்க்க வேண்டும். வராதவளுக்காக உடலை வைத்திருப்பானேன் என்று உறவினர்கள் பத்தரைக்கே கிரியை வைத்தார்கள்.

நம்முடைய வழக்கப்படி குளிப்பாட்டி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டி, கால்களின் இரு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டி, பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். இடுப்பிலிருந்து கீழே பட்டும் மாலைகளும் குவிந்திருந்தன. படத்தில் மைக் தெரியக்கூடாது என்று வீட்டார் கேட்டதால், பெட்டி வைத்திருந்த மேசையின் அடிப் பலகையில் சிறிய மைக் ஒன்றை மயூரதன் ஒட்டினார்.

பிறகு, செத்தவீட்டுச் சடங்காக, பாட்டோடு சுண்ணம் இடித்தார்கள். பந்தலின் நடுவே உரல். பெண்கள் சேர்ந்து உலக்கையைப் பிடிக்க, ஓதுகிற ஐயா பாட, பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் ஓர் இடி விழுந்தது. எல்லாக் கண்ணும் உரலின் மேல்.

தொம்.

ஹெட்போனில் அதற்குப் பின்னால்... துப்.

தொம்... துப். தொம்... துப்.

மயூரதனின் முகம் சுருங்கியது. வால். இவ்வளவு பெரிய பெயர் எடுத்த ஹெட்போனுக்கு இப்படி ஒரு வாலா? மெத்தை காதோடு சரியாகப் பொருந்தவில்லையோ என்று கையால் அழுத்திப் பார்த்தார். அழுத்த அழுத்த அது இன்னும் தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் நேரலையின் கீழே கஜானி எழுதினார்: "அண்ணை, உலக்கைச் சத்தம் ரெண்டு ரெண்டாக் கேக்குது. அம்மான்ரை பக்கத்திலை இருந்து வாற மாதிரிக் கிடக்கு."

அங்கேயும் கேட்டால் அது ஹெட்போனின் வாலாக இருக்க முடியாது. இதை யோசிக்க ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியை அவர் எடுக்கவில்லை. கஜானியிடம் இருப்பதும் ஏதாவது மலிவான சாமானாக இருக்கும் என்று எண்ணினார். "பந்தல் எதிரொலி. இப்ப சரிபண்ணிறன்" என்று பதில் போட்டார். மிக்ஸரில் தொண்ணூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலி முழுவதையும் வெட்டினார்.

"இப்ப வடிவாக் கேக்குது. நன்றி அண்ணை" என்று கஜானி எழுதினார்.

பதினொன்றே முக்காலுக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பன்னிரண்டரைக்குக் கொள்ளி வைத்தாயிற்று.

இப்போது வீதிக்கு வருவோம். மயூரதன் அங்கிருந்து வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கை கழுவவில்லை, குளிக்கவில்லை. நேரே அறைக்குப் போய் ஹெட்போனைக் கணினியில் செருகித் தவில் பதிவைப் போட்டார். இத்தனை காலமும் நல்ல ஹெட்போனைத் தேடித் திரிந்த மனிதர், அன்றைக்கு அது கெட்டதாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டார்.

தொப்பியில் குச்சி விழுந்தது. விழுந்த இடத்திலேயே முடிந்தது. கத்தியால் அறுத்தது போல.

மீண்டும் போட்டார். வால் இல்லை. அறுபதில், நாற்பதில், முப்பதில் தனி ஒலிகளை ஓட விட்டார். எங்கும் வால் இல்லை. அவர் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான அடி ஒலியைக் கேட்டதில்லை.

வெட்டப்படாத மூலப் பதிவு இன்னொரு கருவியில் இருந்தது. மேசைக்குக் கீழே ஒட்டிய மைக்கை மட்டும் திறந்தார். தொம்... துப். தொம்... துப். பாட்டு முடிந்தது. உலக்கையைச் சாத்தி வைத்தார்கள். தொம் நின்றது.

துப்.

துப்... துப்.

தனித்துக் கேட்டபோதுதான் அது ஒன்றல்ல என்று தெரிந்தது. ஒன்றாக விழும் இரண்டு. பெருவிரல்கள் கட்டியிருந்தால் இரண்டு குதிகால்களும் சேர்ந்துதானே எழும், சேர்ந்துதானே விழும்... வாய்க்கரிசி போட வந்தவர்களின் விசும்பலுக்குள் அதை எண்ணினார். பதினொன்று. பிறகு மூடி வைக்கும் ஓசை. திருகாணிகள் இறுகும் ஓசை. அதன்பின் வந்த ஒலி மாறியிருந்தது. மூடிய பெட்டிக்குள் அடி ஒலி திரண்டு பெருகும். அது மயூரதனுக்குத் தெரியாததா? இப்போது அது கனமாக, உருண்டு, மிக அழகாக வந்தது. அவசரமாகவும் வந்தது. தூக்குகிறவர்களின் தோளில் ஏறும்வரை வந்துகொண்டே இருந்தது.

கிறிஸ்ரியிடம் சொன்னார். கிறிஸ்ரி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"உதை ஆரிட்டையும் கதையாதையும்" என்றார் பிறகு. "எரிச்சாச்சு. இனி அந்தப் பிள்ளைக்குச் சொல்லி, அதையும் உயிரோடை எரிக்கப் போறீரோ?"

சொல்வதா, விடுவதா என்று மயூரதன் முப்பது நாளும் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முதல் நாள் கஜானியிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவின் கடைசிச் சத்தங்களை அந்தியேட்டியன்று அவரின் படத்தின் முன்னால் இருந்து கேட்க வேண்டுமாம். முழுப் பதிவையும் அனுப்பச் சொல்லி மிகவும் தாழ்மையாகக் கேட்டிருந்தார்.

மயூரதன் மேசை மைக்கின் தடத்தை முற்றாக அழித்தார். மூலத்தையும் அழித்தார். மற்றத் தடங்களிலும் தொண்ணூறுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் வெட்டினார். பிறகு அதே ஹெட்போனை மாட்டி, முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை கேட்டார். உலக்கை, பாட்டு, அழுகை, காகம். வேறெதுவும் இல்லை. அதில் அவருக்குப் பூரண நிச்சயம். அனுப்பிவிட்டார். முப்பது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு பிடி சோறு தின்றாராம்.

மறுநாள் மத்தியானம் கஜானியின் குரல் பதிவு வந்தது. அழுது களைத்த, மரியாதையான குரல்.

"அண்ணை, கிடைச்சுது. நல்ல தெளிவாக் கிடக்கு, பெரிய உபகாரம். ஒண்டே ஒண்டு கேக்கோணும், குறை நினைக்காதேங்கோ. உலக்கை நிண்ட பிறகு அம்மா கதைக்கிறா. வாய் கட்டினபடியாலை சொல்லு வடிவா வருகுதில்லை. ஆனா 'காதிலை கறுப்பு மாட்டின தம்பி, காதிலை கறுப்பு மாட்டின தம்பி' எண்டு பதினொரு தரம் கூப்பிடுறா..."

குரல் இன்னும் தாழ்ந்தது.

"அது நீங்கள்தானே அண்ணை? ஏன் நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை?"