குருவின் பிரேக் லீவர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் எலக்ட்ரானிக் ரிப்பேர் கடைக்குப் பதினெட்டு வருஷமாகக் கொமுட்டர் ரயிலில்தான் போய் வருகிறேன். ஒரு பந்தயக்காரனுக்கு வேண்டியதைச் செய்து கொடுக்க லைசென்ஸ் தேவையில்லை என்பதை, ரேமண்ட், நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

இணையக் கார்ப் பந்தயச் சங்கத்தின் புகார்க் குழுவுக்கு நீங்கள் தலைவர். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டீர்கள். உங்கள் பந்தயக்காரன் குருவின் பிரேக் பெட்டிக்குள் அந்த மோசடி புரோகிராம் ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெட்டியைத் திறப்பது யார்? நான்தான். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பாதியிலிருந்து கேட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

குருவுக்குக் கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலையாக இருந்தது. இருபத்து நான்கு வயதில் ஃபோர்க்லிஃப்ட் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவன் அம்மா புஷ்பவல்லி அவனுடைய கணினியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தபோதுதான் பழக்கம். கணினியில் கார் பந்தயம் ஓட ஆசை, ஆனால் பெடல் மிதிக்கக் கால் அசையாது என்றார். நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு லீவர் பொருத்தினேன். இடது விரல்களால் இழுத்தால் வேகம், வலது விரல்களால் இழுத்தால் பிரேக். இரண்டையும் கணினியோடு இணைக்க ஒரு சின்னப் பெட்டி. காசு வாங்கவில்லை.

மூன்று வருஷம், ஞாயிறுதோறும் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் நேராக மேருவுக்குப் போய்விடுவேன். ஸ்பிரிங்கை மாற்றுவேன், லீவரை அவன் விரலுக்கேற்ப ராவுவேன். புஷ்பவல்லி அக்கா எனக்கும் சேர்த்துச் சமைப்பார். இரண்டாவது வருஷம் சங்கத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. மூன்றாவது வருஷம் ரவாங் ஊர் அணி அவனைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது.

அதை அவன் சந்தோஷமாகத்தான் என்னிடம் சொன்னான். "அண்ணே, அடுத்த மாசம் வெளிநாட்டு ஸ்டியரிங் செட் வருது. டீம் வாங்கிக் கொடுக்குறாங்க. இனிமே நீங்க ஞாயித்துக்கெழம அலைய வேணாம் லா. ரெஸ்ட் எடுங்க."

நல்ல மனதோடு சொன்னான். எனக்குத் தெரியும். மூன்று வருஷத்தை ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அந்த வாரம் அணியின் வீடியோவில் யாருக்கு நன்றி சொல்கிறாய் என்று கேட்டார்கள். அம்மாவுக்கு என்றான், அணிக்கு என்றான். நான் மூன்று முறை பார்த்தேன். என் பெயரை வெட்டி எடுத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தேன்.

அணியில் சேரும் முன் அவனுக்குக் கடைசியாக ஒரு தேர்வுப் பந்தயம் இருந்தது. "பெட்டிய ஒரு தடவ கிளீன் பண்ணிடுறேன்," என்றேன். அக்கா அவனைக் குளிப்பாட்டப் போன அரைமணி நேரம் எனக்குப் போதும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் நொடியில் பிரேக் தானாகவே கொஞ்சம் தளரும்படி ஒரு புரோகிராம் ஏற்றினேன்; உங்கள் விதிப்படி அது மோசடி. அவனுக்கு எதுவும் தெரியாது. பந்தயம் முடிந்து போன் செய்தான். "இன்னிக்கிக் கை என்னமோ பேசுச்சு, அண்ணே," என்றான்.

உங்கள் விதியில், புகாரை ஒருநாள் கழித்தே எழுத வேண்டும், கோபத்தில் எழுதக் கூடாது என்றிருக்கிறது. நான் இரண்டு நாள் காத்திருந்தேன். எத்தனையாவது சுற்று, எந்த வளைவு, வீடியோவில் எத்தனையாவது நிமிடம், எல்லாம் கொடுத்தேன். மனிதக் கை எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி பிரேக்கை விடாது என்று எழுதினேன். என் பெயரை மட்டும் போடவில்லை. இவ்வளவு ஒழுங்கான புகார் வந்ததே இல்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

பிறகு பெட்டியைச் செய்தவன் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "நான் செஞ்சு கொடுத்தப்ப அதுல அப்படி எதுவும் இல்ல," என்றேன். அது உண்மை. அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை.

ஆயுள் தடை போட்டீர்கள். ரவாங் அணி விலகிக்கொண்டது. கையில் ஏமாற்றியவன் காலிலும் ஏமாற்றுவான் என்று யாரோ இணையத்தில் எழுத, அது பரவியது. மேரு பாசாரில் மீன் வாங்கப் போன அக்காவிடம் ஒருத்தி, "ஒங்க மவன் நல்லாவே நடப்பானாமே?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

குரு என்னைக் கூப்பிட்டான். "எல்லாரும் விட்டுட்டாங்க. நீங்களாச்சும் நம்புறீங்களா, அண்ணே?"

"நம்புறேன், குரு."

அதுவும் உண்மை. அவன் செய்யவில்லை என்பது என்னளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

ஜூன் மாதம் அவன் உயிரை விடப் பார்த்தான். வெளியே போயிருந்த அக்கா திரும்பி வந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். பிழைத்துக்கொண்டான். ஆனால் பல மணி நேரம் உடம்புக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததில் வலது கையின் நரம்பு போய்விட்டது. விரல்கள் மடங்குவதில்லை. மருத்துவமனையில் பதினொரு நாள் நான்தான் கூட இருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது, கபிரியேல்," என்றார்.

இப்போது மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இடது கையால் மட்டும் ஓட்டும்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒரு வருஷமாவது ஆகும். அவன் அதிகம் பேசுவதில்லை. என் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிப் பார்க்கிறான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ரேமண்ட். புரோகிராமை ஏற்றியவன் நான். புகார் எழுதியவன் நான். சாட்சி சொன்னவனும் நான். அவன் தடையை நீக்கிவிடுங்கள், அது நியாயம். காரணத்தை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம். தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விடமாட்டான். அப்புறம் அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?