உயிரோடு இருந்தவருக்கு ஒரு நிமிட மௌனம்

வெள்ளவத்தை நிழல்தரு சமூக நிதியத்தின் செயலாளர் திருமதி பாலேஸ்வரி கிருபாகரன் அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில், அலுவலகத்தார் அன்போடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கொடுப்பவர் மனம் கோணாமலும், பெறுபவர் தலை குனியாமலும் கொடை வளர்த்த கோமகளே! சிரித்த முகமும் சிக்கனக் கையும் சேர்ந்தமைந்த செயலாளரே! பிழையென்றால் ஒரு புள்ளியையும் பொறுக்காத பெருமாட்டியே! வணக்கம்.

இதற்கு மேல் தங்கள் முகம் பார்த்துப் புகழப் போவதில்லை. புகழ்ச்சி காதில் விழுந்தால், தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று தாங்கள் குசினிக்குள் ஒளித்துவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சபையோருக்கே சொல்லுகிறோம். தாங்கள் தயவுசெய்து கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கவும்.

சபையோரே! கொடுக்க மனமிருந்தும் எங்கே, எப்படிக் கொடுப்பதென்று தெரியாமல் நிற்பவர்கள் இந்தக் கொழும்பில் ஏராளம். அப்படி வந்தவர்களை அம்மையார் முதலில் இருத்திக் கதைக்க விடுவார். பிறகு அவரவர்க்குப் பொருந்தும் வழியைச் சொல்லுவார். மரணச் சடங்கில் பூவளையத்துக்குப் பதிலாகப் பாடப்புத்தகம் கொடுக்கலாம். மாதாமாதம் இயன்றதைப் போடலாம். தாயின் பெயரில் நிலையான நிதி வைத்தால் முதல் அப்படியே இருக்க, வருமானத்தில் ஒரு பிள்ளை படிக்கும். இஸ்லாமிய வர்த்தகர்களின் ஸக்காத் என்னும் கடமைக் கொடைக்குத் தனிக் கணக்கு வைத்தவரும் அவரே. கையில் ஒன்றுமில்லை என்று கூச்சப்பட்ட மாளிகாவத்தை ஷபீகா ரீச்சரிடம் சனிக்கிழமைகளைக் கேட்டு வாங்கினார். இன்றும் அவர்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார்.

லண்டனிலிருந்து வந்த ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்து, இறக்கைகளில் தகப்பனாரின் பெயரை எழுதச் சொன்னார். சுற்றும்போது பெயர் தெரியாதே என்று அம்மையார் தயங்க, அப்படியென்றால் சுற்றாமல் விடலாமா என்று அவர் கேட்டார். அவரையும் சிரிக்க வைத்து, பெயரில்லாத விசிறிகளைப் பூட்டி முடித்த கெட்டிக்காரி இவர்.

ஆனாலும் எங்களிடம் வந்த கொடையில் பெரும்பங்கு செத்தவர்களின் பெயரில் வந்தது. திவசம், முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவு என்று அலுவலகம் ஓடியது. மருதானை அச்சகக்காரர் அலவி நானாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, படத்தோடு பதாகை வரும், எங்களில் ரூபிகா விளக்கேற்றுவார், கஜீவன் மாலை போட்டு மௌன அஞ்சலிக்கு அழைப்பார், பிள்ளைகள் எழும்பி நிற்பார்கள், பிறகு சாப்பாடு. கண்ணை மூடிக்கொண்டே செய்வோம். வினையும் அங்கேதான் இருந்தது.

முந்தின வருடம் நடந்ததைச் சொல்லுகிறோம். கொட்டாஞ்சேனையில் பாத்திரக்கடை வைத்திருந்த பெரியவர் இராமர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். தன் காலத்துக்குப் பிறகு தன் வீடு நிதியத்துக்குச் சேரட்டும் என்று சொல்லியிருந்தார். அம்மையாருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மட்டக்குளி மாடிவீடுகளில் படிக்க இடமில்லாமல் படிக்கட்டுகளில் குந்தியிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு மண்டபம் வேண்டுமென்று வருடக்கணக்காக அலைந்தவர் அவர். பெரியவருக்கு நன்றி சொல்ல ஒரு விழா வைத்தார். மதியச் சாப்பாட்டு ஓட்டத்தில் அலவி நானாவுக்குப் படத்தை அனுப்பி, வழக்கம்போல அடித்து விடுங்கோ என்று மட்டும் சொன்னார். எதையும் இரண்டுதரம் பார்ப்பவர், அன்றைக்குப் பதாகையை விரித்துப் பார்க்கவில்லை.

விழா நாளில் அம்மையார் வாசலில் காத்திருந்து, காரில் வந்த பெரியவரைக் கைபிடித்து எங்கள் அலுவலக மேல்மாடிக்கு ஏற்றினார். பெரியவரின் தங்கை மகனான மருமகன் பின்னால் வந்தார். மேலே குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்களே என்று அம்மையாருக்கு உள்ளூரப் பெருமை. வாசலுக்கு வந்த பிறகுதான் எல்லோரும் தலை குனிந்து நிற்பதைக் கண்டார். தலைகளுக்கு மேலால் இராமர் ஐயாவின் படம் தெரிந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை, “மறையா நினைவுகளுடன்” என்ற எழுத்து, சுற்றிச் சந்தன மாலை. படத்துக்குரியவரின் கை அம்மையாரின் கைக்குள் சூடாக இருந்தது.

அந்த மாலையைப் போட்டது நாங்கள். விளக்கேற்றியது நாங்கள். எழுந்து நில்லுங்கள் என்று சொன்னதும் நாங்களே. ஒருவராவது படத்தில் இருப்பவர் யாரென்று நினைத்துப் பார்த்தோமா? இல்லை. 

அமரலாம் என்று சொல்லி நிமிர்ந்த கஜீவனின் கையிலிருந்து ஒலிவாங்கி விழுந்தது. பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள். சின்னவள் ஒருத்தி வீரிட்டுக் கத்தி, பக்கத்திலிருந்தவளின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். மருமகனுக்குக் கோபம் தலைக்கேறியது. உயிரோடு இருப்பவருக்குக் கருமாதி செய்கிற கூட்டத்துக்கு வீடு ஒரு கேடா என்று கத்தினார். பெரியவரின் தோளைப் பிடித்துத் திருப்பவும் பார்த்தார்.

 அம்மையார் தேடி அலைந்து கண்ட வீடு கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. பழியை அலவி நானாவின் தலையில் போட்டிருக்கலாம். எங்கள் தலையில் போட்டிருந்தால் அது பொய்யுமல்ல. அவரோ நேரே முன்னுக்கு வந்து, விழுந்து கிடந்த ஒலிவாங்கியை எடுத்தார்.

“இது ஒருத்தற்ற பிழையும் இல்லை, என்ர பிழை. பாக்காமல் விட்டது நான்தான். நீங்கள் வீடு தராட்டிலும் பரவாயில்லை, ஐயா. உங்களை இப்பிடி நிக்க வச்சதுக்கு மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

 பெரியவர் மருமகனின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, தடியை ஊன்றிப் படத்தருகே போய் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பினார்.

“நீங்க எல்லாம் தலைய குனிஞ்சு நின்னு, அப்புறம் வாசப்பக்கம் திரும்பினப்போ நான் ஒவ்வொரு மூஞ்சியா பார்த்தேம்மா. ஒரு பிள்ளை கண்ணுலயும் தண்ணி இல்ல. குத்தம் சொல்லல. அதுங்களுக்கு நான் யாருன்னே தெரியாதே. செத்த பிறகு குடுத்தா இப்படித்தான் இருக்கும். சாவிய இப்பவே வாங்கிக்குங்க.”

அம்மையார் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பெரியவரோ சாப்பாடு எங்கே என்று கேட்டு, தன் பெயரில் படைத்த சோற்றைத் தானே உண்டு, பாயாசத்தை இரண்டாம் முறையும் வாங்கினார்.

நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதும்போது, பெரியவர் உயிருள்ளவரை அந்த வீட்டின் மேல்மாடியில் இருக்கும் சீவிய உரித்தை அதில் சேர்க்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர் அம்மையார்தான். கீழ்த்தளம் படிப்பு மண்டபமானது. மருமகன் இன்றுவரை எங்களோடு கதைப்பதில்லை. அன்றிலிருந்து, இறந்தபின் கொடுக்க எண்ணி வருகிறவர்களை, ஒருதரம் பிள்ளைகளை வந்து பார்த்துவிட்டுப் போங்கோ என்று அம்மையார் கையோடு கூட்டிப் போகிறார். போனவர்களில் பலர் பிறகு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அலவி நானாவும் திருந்திவிட்டார். “ஆள் ஹயாத்தா, மௌத்தா?” என்று, அதாவது உயிரோடா இல்லையா என்று, கேட்காமல் இப்போது எதையும் அச்சடிப்பதில்லை. இன்றைய பதாகைக்கும் கேட்டார். ஹயாத்துத்தான், நல்ல சுகத்தோடு இருக்கிறார் என்று சத்தியம் பண்ணினோம்.

பின்னேரங்களில் பெரியவர் மாடிப்படியில் நின்று, சத்தம் போடாதீங்க என்று சத்தம் போடுவார். பிள்ளைகள் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. சென்ற மாதம் நெஞ்சு வலியென்று அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மண்டபத்தில் அன்று ஒருவரும் புத்தகம் திறக்கவில்லை. அம்மையார் வைத்தியசாலைக்குப் போய், கட்டிலருகே இருந்து, பிள்ளைகள் அழுகிறார்கள் என்று சொன்னார். பெரியவர் வியாபாரி அல்லவா?

“எத்தன பேரு?” என்று கேட்டார்.

“எல்லாரும், ஐயா.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுகமாகி வந்து, இதோ முன்வரிசையில் இருக்கிறார்.

அம்மையே! தங்களிடம் வேலை பழகியவர்கள், ஏச்சு வாங்கியவர்கள், தங்கள் கைச் சாப்பாட்டைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். நாளை காலையில் தங்கள் கதிரை வெறுமையாக இருக்கும் என்பதை எங்களால் இன்னும் நம்ப முடியவில்லை. நோய் அணுகாத உடலும், நொந்து போகாத மனமும், நிறைந்த சுற்றமும் சூழத் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். வாசிப்பவரின் குரல் தடுமாறுவதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். கண் கலங்கி நிற்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

எல்லாரும், அம்மா.

இங்ஙனம்,
தங்கள் கண்டிப்புக்கும் கனிவுக்கும் என்றும் கடமைப்பட்ட
கஜீவன், ரூபிகா மற்றும் அலுவலகத்தார்,
நிழல்தரு சமூக நிதியம், வெள்ளவத்தை.