ஒரு வரியும் தொலையாது

பாகூரில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும், சார். உங்களுக்குத் தெரியாததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் போனபோது, என் மனைவி செல்வகுமாரி கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்த டைரிப் பக்கமும் சேர்ந்து போய்விட்டது. அரை மணி நேரம் அழுதாள். நான் மூலக்குளத்தில் ஒரு கம்பெனியில் ஆப் எழுதுகிறவன். பெண்டாட்டி அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

அவளுக்கென்றே போனில் ஒரு டைரி ஆப் செய்து கொடுத்தேன். விரலை ஒரு நொடி எடுத்தால் போதும், எழுதினது தானாகச் சேவ் ஆகிவிடும். சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே காத்திருந்து, கிடைத்ததும் என் லேப்டாப்புக்கு வந்து சேரும். அவள் அழித்த வரிகளும் வரும். கோபத்தில் அழித்துவிட்டு அப்புறம் தேடினால் என்ன செய்வாள்? இதையெல்லாம் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு நாள் டைரியில் இருந்தது: "மழை. வெண்டைக்காய் சாம்பார்." அழித்ததில் இருந்தது: "கேட்டப் பூட்டிக்கினு போறாரு. சிரிச்சிக்கினே பூட்றாரு. பயமா இருக்குது."

பயந்தவள் போய்விடுவாள். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? அதனால் இன்னும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். பின்கதவுக்கும் ஒரு பூட்டு வாங்கினேன்.

ஒரு புதன்கிழமை எழுதி அழித்திருந்தாள்: "வெள்ளிக்கிழமை பத்து மணி. பிரிட்டோ அண்ணன் ஆட்டோ. அரியாங்குப்பம், அக்கா வூடு."

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். தெருமுனையில் நின்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டின் பின்பக்கம் வந்தேன். பின்சுவர் ஏறிக் குதித்தவள் என்னைப் பார்த்ததும் கரும்புக் கொல்லைக்குள் ஓடினாள். நான் அவசரப்படவில்லை. அங்கே சிக்னல் கிடைக்காது.

மோட்டார் கொட்டகையில் பதுங்கியிருந்தாள். கையில் போன்.

"இன்னாத்துக்குக் குமாரி ஓட்ற? வா, வூட்டுக்குப் போலாம்."

போனைப் போட்டுவிட்டு வெளியே வந்து, கிணற்றுப் பக்கமாகப் பின்னால் நகர்ந்தாள். "என்ன வுட்டுடுங்க. பயமா இருக்குது. நான் போயிட்றேன்." மூன்று தடவை சொன்னாள்.

நான்தான் தள்ளினேன், சார். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். சத்தம் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வைஃபை பிடித்ததும் லேப்டாப்பில் ஒரு பதிவு வந்து விழுந்தது. கொட்டகைக்குள் எழுதியிருக்கிறாள்.

"நீங்க படிக்கிறீங்கன்னு இப்பதான் புரியுது. என்ன வுட்டுடுங்க. பயமா இருக்குது. நான் போயிட்றேன்."

அதைப் படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். அது மட்டும் நேரத்தோடு வந்து சேர்ந்திருந்தால், அவளை நான் விட்டிருப்பேன், சார்.