டிக் போட்ட வரி

வேலை செய்யும் இடத்தில் ஒருவரைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஐயா. ஆனாலும் கேட்பவர்கள் குறைவு. என்னோடு வேலை பார்த்த பையனை, ஒல்லி என்றுதான் கூப்பிடுவேன், ஆறு வருஷம் தினமும் கேட்டேன்.

கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். வீட்டில் எனக்கு யாரும் இல்லை. ஒல்லிக்கு அவன் மனைவியின் ஊரில் வேறு வேலை கிடைத்தது. அவளுக்கு நிறைமாதம். புது சர்வரில் பத்து வெர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரே பெட்டிக்குள் பத்துக் கணினிகளை, ஓடவிட்டபின் கிளம்புவதாக மேலாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

சர்வரின் அடிப்படை அமைப்பில் ஒரு வரி இருக்கிறது. அதை அணைத்தால் ஒரு மெஷினும் எழாது. ஒல்லி முதல் நாளே அதைச் சரிபார்த்துப் பட்டியலில் டிக் போட்டான். அவன் சாப்பிடப் போனபோது நான் அதை அணைத்தேன். டிக் போட்டதை மறுபடி பார்க்கக் கூடாது, அது நம்மையே நாம் சந்தேகிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

ஒன்பது நாள் தேடினான். மெமரியைக் கழற்றி மாட்டினான். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினான். மனைவி போனில் அழுகிறாள் என்றான். அவனுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். மனதார வேண்டினேன்.

"நீங்க மட்டும் இல்லேன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்ணே" என்றான்.

பத்தாம் நாள் வேறு வழியில்லாமல் டிக் போட்ட வரியைத் திறந்தான். எப்போது, யார் மாற்றியது என்று சர்வர் குறித்து வைத்திருந்தது. சர்வர் அறைக்குள்ளிருந்து, வெளியே இருந்த என் மேசைக்குப் போன் செய்தான். சத்தம் போடவில்லை.

"ஏண்ணே, பிள்ளை பொறக்கறதைக்கூட நான் பாக்கக் கூடாதா? மேனேஜர்கிட்ட சொல்லிட்டுச் சாயங்கால வண்டிக்குக் கிளம்பறேன்."

அந்த அறைக் கதவின் பூட்டை நடத்துவதும் பழைய சர்வரில் ஓடும் ஒரு மெஷின்தான். அது நின்றால் உள்ளிருந்தும் திறக்காது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டோம் என்று ஒல்லி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். என் மேசையிலிருந்தே அதை நிறுத்தினேன். பேசி அவன் மனத்தை ஆற்றத்தான். மனக்கசப்போடு ஒருவரை அனுப்புவது பாவம்.

கண்ணாடி வழியாகக் கால் மணி நேரம் பேசினேன். இரண்டு முறை கதவைத் தள்ளிப் பார்த்தான். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேலாளருக்குக் கடிதம் தட்ட ஆரம்பித்தான்.

தீயணைக்கும் வாயுவைத் திறக்கும் பொத்தான் வெளிச் சுவரில் இருக்கிறது. அழுத்தினால் உள்ளே இருப்பவர்கள் அரை நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைத்து உயிர் போகும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

அவன் மனைவிக்கு நான்தான் போன் செய்தேன், ஐயா. பிள்ளைத்தாய்ச்சிப் பெண். முன்பின் தெரியாத யாரோ சொல்லி அவள் அதைக் கேட்கக் கூடாது, பாருங்கள்.