கோல் அடித்தவள்

“நாம இல்லாமலே ஜெயிச்சிட்டாளுவ, ஏளா. எனக்கு அழுகையா வருது.”

திருச்செந்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூன்று வருடம் கல்லூரிக் கால்பந்து அணியின் முன்வரிசையில் ஆடியவர்கள். படிப்பு முடிந்து, அன்றுதான் முதல்முறையாக வெளியே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

“தோத்திருவாளுவன்னு நேத்து முழுக்கச் சாப்பிடாம கிடந்தவ நீதான?” என்றாள் மற்றவள்.

“அது வேற. என் இடத்துக்கு யாரு வருவான்னு பயந்து கிடந்தேன்.”

“அதான் ஆறுமுகநேரிப் பிள்ளை வந்துட்டாளே. என்னமா அடிச்சா!”

“அடிச்சா. கோல் விழுந்ததும் எல்லாரும் யாருகிட்ட ஓடி வந்தாளுவ?”

மற்றவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்கிட்ட. கோல்னாலே என்னைத்தான் கட்டிப் பிடிக்கணும், மூணு வருசப் பழக்கம். கோட்டுக்கு வெளிய வந்து கட்டிப் பிடிக்காளுவ. அடிச்ச பிள்ளை அங்கன கோல் போஸ்ட் பக்கத்துல, கைய உசத்திக்கிட்டு ஒத்தையில நிக்கா.”

பேருந்து பழையகாயலைத் தாண்டியது.

“அடுத்த மேட்ச்சுக்கு நாம போவக் கூடாது.”

“ஏன், நாம போனா தோத்திருவாளுவளா?”

“இல்ல, ஏளா. நாம இல்லன்னாதான் அவகிட்ட ஓடுவாளுவ.”