தயாரித்தவர் பெயர்

கதவைச் சாத்திட்டு வா, ஹம்சத்வனி. போன் டார்ச்சையும் அணைச்சிடு... ம்.

மணி பன்னிரண்டே முக்கால். ராத்திரி இல்ல... சித்திரை மாசத்து உச்சி வெயில். பாபநாசத்துக்கு வெளிய, வயலுக்கு நடுவுல போற ரோடு. உளுந்தை ரோட்டுலயே காயப்போட்டுட்டு ஆளுங்க சாப்பிடப் போயிட்டாங்க. ஒரு காக்கா கூட இல்ல. அந்த ரோட்டுல ஒரே ஒரு வீடு, அதுதான் ஆபீஸ். உள்ள ஒரே ஒரு ஆள்... நம்ம செம்மொழியோட பெரியப்பா மகன் அன்பரசன். மத்தவங்க எல்லாம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தாங்க.

ரைஸ்மில் எடை மெஷினுக்கு சாஃப்ட்வேர் பண்ற கம்பெனி. அதை இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ் தானாவே தயாராக ஒரு ஏற்பாடு உண்டு. பட்டனைத் தட்டினா போதும். மெஷினுக்குள்ள கன்டெய்னர்னு ஒரு காலி ரூம் மாதிரி உருவாகும், பேக்கேஜ் அதுல தயாராகும், முடிஞ்சதும் ரூமே அழிஞ்சிடும். முந்தின தடவையோட தூசி கூட மிஞ்சாது. சிரிக்காதே சாய்ராம், உனக்குத் தெரியும். மத்தவங்களுக்குச் சொல்றேன்.

அந்த ஏற்பாட்டைப் பண்ணினவன் ஸ்ரீவத்ஸன். பைக்கோட வாய்க்கால்ல விழுந்து செத்து ரெண்டு வருஷம். ஆனாலும் எல்லா பேக்கேஜ்லயும் "தயாரித்தவர்: ஸ்ரீவத்ஸன்"னுதான் வரும். எது நல்லா ஓடினாலும் முதலாளி "நம்ம வத்ஸன் வேலைடா"ம்பார். ராப்பகலா உழைக்கறவன் அன்பரசன். வயிறு எரியாதா? எனக்கா இருந்தா எரியும். செத்தவன் மேல பொறாமை... அசிங்கம்தான். ஆனா பட்டான்.

அன்னைக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பேரை எடுத்துட்டுத் தன் பேரைப் போட்டான். பேக்கேஜ் சாயங்காலத்துக்குள்ள எல்லா மில்லுக்கும் போகணும். பட்டனைத் தட்டினான்.

வந்தது... "தயாரித்தவர்: ஸ்ரீவத்ஸன்."

திரும்பத் தட்டினான். புது ரூம்... அதே பேரு. ஒவ்வொரு ஃபைலாத் தேடினான். அந்தப் பேரு எங்கயுமே இல்ல.

அப்பத்தான்... ஏசி ரூமுக்குள்ள சேத்து வாடை. வாய்க்கால்ல தண்ணி நின்னு மூணு மாசம் ஆச்சு, சேறு ஏது? பின்னாடி இருந்த காலி நாற்காலி... கிறீச்... ஒரே ஒரு தடவை.

இவன் திரும்பிப் பார்க்கல. பயத்தை விடப் பொறாமைதான் பெருசா இருந்துச்சு. "செத்தும் விட மாட்டியாடா? உன் இடம் எனக்கு வேணும்"னு கத்திக்கிட்டே மூணாவது தடவை தட்டினான்.

"தயாரித்தவர்: அன்பரசன்."

வாடை போயிடுச்சு. சந்தோஷமா எல்லா மில்லுக்கும் அனுப்பிட்டான்.

மூணு மணிக்கு முதலாளி தாம்பூலப் பையோட உள்ள வந்தார். ஸ்க்ரீன்ல அன்பரசன் பேரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிடுச்சு. இவன் தோள்ல கை வெச்சு, "அந்தப் பேரை மட்டும் எடுத்துடாதே வத்ஸா... அன்புக்கு நாம வேற என்ன செய்யப் போறோம்"னார்.

பைக்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பறந்தான். அவங்க அம்மா வாசல்ல நின்னாங்க. இவன் முகத்தையே கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க. அப்புறம் முந்தானையை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டுச் சொன்னாங்க...

"வாங்க தம்பி. அன்பு கூட வேலை பார்த்தவங்களா? அவன் திதி நாளைக்குத்தானே... இன்னைக்கே வந்துட்டீங்களே."